விமானி ஆவதற்குக் கொடுக்கும் பெரிய விலை பணமா, வாழ்க்கையா? ‘பணமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ‘பைலட்’ என்று சொல்லிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டு பின்வரிசையில் இருக்கும் தாய் தகப்பன்மாரே, வணக்கம்.

எதிரணி ‘வாழ்க்கையே பெரிய விலை’ என்றது. நாலு காரணம் வைத்தார்கள். இரவு இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், உடல் தூக்கம் கேட்கும் நேரத்தில், விமானி விழித்திருக்க வேண்டும். உயரத்தில் கதிர்வீச்சு அதிகம். தீபாவளியும் பெருநாளும் பிள்ளையின் பிறந்தநாளும் தவறிப்போகும். ஒரு மருத்துவப் பரிசோதனையில் தொழிலே போய்விடலாம். நாலும் உண்மை. மறுத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் முதல் மூன்றையும் சுமக்கிறவர் யார், நடுவர் அவர்களே? விமானத்தில் ஆசனம் கிடைத்தவர். மாதம் முடியச் சம்பளம் எடுக்கிறவர். பணம் என்ற விலையோ எல்லோரிடமும் முன்கூட்டியே வாங்கப்படுகிறது. வேலை கிடைத்தவரும் கட்டினார், கிடைக்காதவரும் கட்டினார். ‘உன்னை எடுப்போம்’ என்று எந்தக் கம்பனியும் எழுதித் தராத காலத்தில், கடைசிச் சதம் வரை கட்டி முடிக்க வேண்டிய தொழில் இது. எங்கள் அணியின் வாதம் முழுவதும் இதிலேதான் நிற்கிறது.

கணக்குக்கு வருகிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி தனியார் விமானி லைசன்ஸுக்கு 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும். சம்பளத்துக்குப் பறக்கத் தேவையான வர்த்தக விமானி லைசன்ஸுக்கு மொத்தம் 200 மணி. அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பாடநெறி என்றால் 150. இவை குறைந்தபட்சம். 40 மணியில் முடிக்கிறவர் குறைவு. 50, 60 என்று இழுபடுவதுதான் வழமை. செஸ்னா எனும் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்துக்கு மணிக்கு 150 டொலர் என்று வைத்துப் பார்த்தாலும் 200 மணிக்கு 30 ஆயிரம் டொலர். இது விமானம் எழும்பி இறங்கும் காசு மட்டும். இரட்டை எஞ்சின் விமானத்தின் மணிக் கட்டணம் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கருவிப் பறப்புத் தரம் (வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), தரைவகுப்பு, பரீட்சைக் கட்டணம், பரீட்சகர் கட்டணம், கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, எல்லாம் இனித்தான்.

ரூபாவில் படிக்கும் பிள்ளைக்கு ஏன் டொலரில் விலை என்று கேட்பவர்கள் உண்டு. விமானம் வெளிநாட்டு விமானம். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரும். எரிபொருள் ஏவ்காஸ் எனப்படும் விமானப் பெற்றோல், அதுவும் இறக்குமதி. சின்னஞ்சிறு செஸ்னா 152 கூட மணிக்கு இருபது லீற்றருக்கு மேல் குடிக்கும். நூறு மணிக்கு ஒருமுறை பரிசோதனை. இரண்டாயிரம் மணி, 2,400 மணி என்று உற்பத்தியாளர் சொன்ன எல்லைக்கு வந்தால் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் மணிக்கட்டணத்துக்குள் ஏறி, மாணவனின் தலையில் இறங்குகிறது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. மே மாதம் 360 ரூபா அளவுக்குப் போனது. 50 ஆயிரம் டொலர் பயிற்சிக்கு ஒரு கோடி ரூபா என்று திட்டம் போட்டிருந்த குடும்பத்துக்கு அதே பயிற்சி ஒரு கோடியே 80 இலட்சம். பிள்ளை ஒரு பாடத்திலும் தவறவில்லை, ஒரு இறக்கத்திலும் பிழை விடவில்லை. வங்கிப் பலகையில் எண் மாறியது, அவ்வளவுதான்.

சரி, இந்தக் கோடி எங்கிருந்து வரும்? எங்கள் மட்டக்களப்பு, அம்பாறையின் கதை இங்கேதான் தனிக்கதை. ‘படுவான்கரையில் பத்து ஏக்கர் இருக்கு’ என்பார்கள், வாவிக்கு மேற்கேயுள்ள வயல் பக்கம் அது. கையில் இருப்பது பெர்மிட், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். உறுதிக் காணி இல்லாமல் வங்கி இலகுவில் ஈடு எடுக்காது. மிஞ்சுவது உறுதியுள்ள வீட்டு வளவு. அந்த வளவு யாருக்குரியது? தமிழராகட்டும் முஸ்லிம்களாகட்டும், எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது. அண்ணனின் லைசன்ஸுக்காக ஈடு வைக்கப்படுவது தங்கச்சியின் வீடு. ‘மறுகா மீட்டுக்கலாம்’ என்று தகப்பன் கையெழுத்து வைப்பார். ஒரு கோடிக்கு வருடம் 12 வீதம் வட்டி என்று வைத்தால், வாங்கிய முதற்பணத்தில் ஒரு சதமும் குறையாமல் வட்டி மாத்திரம் மாதம் ஒரு இலட்சம். நெல் விளைந்தாலும் வெள்ளம் கொண்டுபோனாலும் அந்த ஒரு இலட்சம் கட்டியாக வேண்டும். எதிரணியினரே, குடும்பம் பிரிந்திருக்கும் துயரம் பற்றி உருகிப் பேசினீர்கள். தங்கச்சியின் கலியாணம் தள்ளிப்போவதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

‘மட்டக்களப்பிலேயே விமான நிலையம் இருக்கே’ என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது. 2018இல் சிவில் பறப்புக்கு மீண்டும் திறந்தார்கள், செஸ்னா கரவன் போன்ற சிறிய விமானங்கள் வந்துபோகின்றன. ஆனால் பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் தளம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை. உதயதேவி ரயிலில் ஏறிப் போய்த் தங்கித்தான் படிக்க வேண்டும். அங்கே வானிலை வேறு. இங்கே கச்சான் காற்று அடித்து மண் வெடிக்கும் காலத்தில் அங்கே தென்மேல் பருவமழை. மேகம் கீழே இறங்கினால் பயிற்சி மாணவனுக்குப் பறப்பு இல்லை. விமானம் பரிசோதனைக்குப் போனால் பறப்பு இல்லை. ஆசிரியருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால், புதியவர் வரும்வரை பறப்பு இல்லை. அறை வாடகை மட்டும் தவறாமல் ஓடும்.

பறக்காத நாள் சும்மா போவதும் இல்லை. மூன்று கிழமை இடைவெளி விட்டால் இறக்கத்தில் கை தடுமாறும்; பழைய பாடத்தைக் காசு கொடுத்துத் திரும்பப் பறக்க வேண்டும். பல பள்ளிகள் கட்டணத்தை எஞ்சின் ஓடும் நேரத்துக்கு அளக்கின்றன. எழும்ப அனுமதி கேட்டு ஓடுபாதை முனையில் 12 நிமிடம் நின்றால் மணிக்கு 150 டொலர் கணக்கில் 30 டொலர். பறப்புப் புத்தகத்தில் நேரம் ஏறும், கைக்கு ஒரு பழக்கமும் ஏறாது. செயல்முறைப் பரீட்சையில் தவறினால் மேலதிகப் பயிற்சி, மறுபடி விமான வாடகை, மறுபடி பரீட்சகர் கட்டணம். விளம்பரத்தில் போட்ட தொகைக்குள் முடித்தவர்களைத் தேடிப் பாருங்கள், நடுவர் அவர்களே.

லைசன்ஸ் கையில் வந்துவிட்டது என்று வைப்போம். வயது 21, பறப்பு 200 மணி. எயார்பஸ் 320 ஓட்ட அந்த ரகத்துக்கென்று தனித் தகுதி வேண்டும்; ‘டைப் ரேட்டிங்’ என்பார்கள். கணினிப் பாடம், நாலு நாலு மணித்தியாலமாக சிமியுலேட்டர் எனும் தரையில் நிற்கும் பயிற்சிப் பொறி, பிறகு பயணிகள் இல்லாத உண்மையான விமானத்தில் எழும்பி இறங்கும் பயிற்சி. தன் காசில் செய்தால் 20 ஆயிரம் டொலருக்கு மேல். கம்பனி செய்து தந்தால் பொண்ட்: இத்தனை வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு கட்டு என்று பிணையாளிகளோடு ஒப்பந்தம். தன் காசில் செய்தவருக்கும் ஆசனம் உறுதி இல்லை. ‘அந்த ரகத்தில் 500 மணி அனுபவம் உண்டா?’ என்று கேட்பார்கள். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை, கோழியும் முட்டையும். இந்த இடுக்கில் காசு பார்ப்பவர்களும் உண்டு. துணை விமானி ஆசனத்தில் இருந்து வேலை பார்க்க, வேலை பார்க்கிறவரிடமே பணம் வாங்கும் திட்டங்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நடந்திருக்கின்றன. கூலி வாங்கி வயல் வெட்டுகிறவரைக் கண்டிருக்கிறோம், கூலியைத் தானே கட்டி வெட்டுகிறவரை எங்கேயாவது கண்டதுண்டா?

காத்திருக்கும் காலத்திலும் செலவு நிற்காது. முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வருடம் ஒருமுறை. கருவிப் பறப்புத் தகுதிக்கு வருடாந்தப் பரிசோதனை. அதற்கு விமானமோ சிமியுலேட்டரோ வாடகைக்கு எடுக்க வேண்டும். பயணிகளை ஏற்ற 90 நாளுக்குள் மூன்று எழும்பல், மூன்று இறக்கம். ஆங்கிலத் தேர்ச்சி நாலாம் படியில் இருந்தால் மூன்று வருடத்துக்கொருமுறை மறுபரீட்சை. சம்பளம் இல்லாத பிள்ளை, சம்பளம் எடுக்கிற விமானியைப் போலவே தகுதியைப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். ‘இங்கே இல்லாவிட்டால் வெளிநாடு’ என்பார்கள். ஐரோப்பாவுக்கு எங்கள் லைசன்ஸை மாற்ற அங்குள்ள 13 பாடப் பரீட்சைகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வளைகுடாவின் பெரிய கம்பனிகள் தேடுவது ஆயிரக்கணக்கான மணி பறந்தவர்களை. 2022, 2023இல் இங்கிருந்து விமானிகள் போனார்கள், உண்மை. போனவர்கள் அனுபவசாலிகள்.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பபலோ அருகே விழுந்த கொல்கன் எயார் விமானத்தை எடுத்துக்காட்டினார்கள். விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர், ஐம்பது உயிர். துணை விமானி இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்தவர், களைப்பு பாருங்கள், இதுதான் வாழ்க்கையின் விலை என்றார்கள். முழுவதையும் சொல்லுங்கள், நண்பர்களே. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கப்டன் எதிர்மாறாகச் செயற்பட்டதே காரணம் என்றது விசாரணை. களைப்பு விமானிகளின் செயலைப் பாதித்திருக்க வாய்ப்பு அதிகம், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றது. அந்தத் துணை விமானி ஏன் நாட்டின் மேற்குக் கரையில் சியாட்டிலிலிருந்து கிழக்குக் கரையில் நியூவார்க் வரை இரவோடு இரவாக வந்தார்? தளத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்து வாழ அந்தத் தொடக்கச் சம்பளம் எந்த மூலைக்கு? நீங்கள் காட்டிய களைப்பின் வேரைத் தோண்டினால் காசுதான் வருகிறது. அந்த விபத்துக்குப் பிறகு, 2013 முதல், அமெரிக்காவில் துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி வேண்டும் என்று விதித்தார்கள். அந்த மேலதிக மணிகளைச் சேர்க்கும் பாரமும் புதிதாக வருகிறவருக்கே.

கதிர்வீச்சு? விமானப் பணியாளருக்கு வருடம் சில மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), கணிக்கிறார்கள், கண்காணிக்கிறார்கள். தூக்கம்? ஐரோப்பிய விதியில் 28 நாளுக்கு 100 மணி, ஒரு வருடத்துக்கு 900 மணிக்கு மேல் பறக்க விடமாட்டார்கள். ஆனால் ஒரு மாணவன் இவ்வளவுக்கு மேல் கடன்படக் கூடாது என்று எந்த விமானப் போக்குவரத்து விதி சொல்கிறது?

மருத்துவப் பரிசோதனை மட்டும் கனமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடத் தொடங்கினால் சர்வதேச விதிப்படி தகுதி இல்லை. சில நாடுகள் மட்டும் நிபந்தனைகளோடு விடுகின்றன. நீரிழிவு இல்லாத குடும்பத்தை எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அதே நோய் இரண்டு பேருக்கு வந்தால் என்ன நடக்கிறது? கம்பனி விமானிகள் பலருக்கு லைசன்ஸ் இழப்புக் காப்புறுதி இருக்கும், தரையில் வேறு பணியும் கிடைக்கலாம். பயிற்சி மாணவனுக்கு இருப்பது வங்கிக் கடிதம். நோய் ஒன்று, வீழ்ச்சி இரண்டு விதம், வித்தியாசம் பணத்தில். 2020இல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோதும் இதே கதைதான். மூத்தவர்களுக்குச் சம்பளம் குறைந்தது; புதிதாக டைப் ரேட்டிங் முடித்து நின்றவர்களுக்குத் தகுதி காலாவதியாகிக்கொண்டே வட்டி ஏறியது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். பின்வரிசைப் பெற்றோருக்கு மட்டும் அவசரமாக. பள்ளிக்கு ஒரு ரூபா கட்டுமுன் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை எடுங்கள்: கண், நிறப் பார்வை, காது, இரத்தம், இதயத் துடிப்புப் பதிவு. நிறக்குறைபாடு ஒரு கோடி கட்டிய பிறகு தெரியக் கூடாது. முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள், பறந்த மணிக்குக் கட்டுங்கள்; பள்ளி மூடப்பட்டால் முன்பணம் கட்டிய மாணவன் பள்ளிக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பான். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இன்று பறக்கும் நிலையில் எத்தனை, அதற்கு மாணவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். சொன்ன தொகைக்குள் இரட்டை எஞ்சினும் கருவித் தரமும் பரீட்சகர் கட்டணமும் அடங்குமா, டொலர் ஏறினால் ஏற்றம் யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எதிரணியில் அடுத்து எழும்புகிறவருக்கு ஒரே கேள்வி. 200 மணியோடும் ஈடு வைத்த வளவோடும் ஆசனம் இல்லாமல் இருக்கும் பிள்ளை, கம்பனிக்காக ஒரு இரவும் விழித்துப் பறக்கவில்லை, ஒரு பெருநாளும் தவறவிடவில்லை, வீட்டில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை கொடுத்த விலைக்கு நீங்கள் என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?