கட்டில் வாங்குவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். விடுதி நடத்த அனுமதி வாங்குவது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் கோவையில் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருகிற பொறியாளர். பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் கல்லூரிகளும் ஐ.டி. கம்பெனிகளும் பெருகப் பெருக, ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து லேடீஸ் ஹாஸ்டல் நடத்தலாமா என்று கேட்டு வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். பெரும்பாலும் ரிட்டையர்மென்ட் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். எங்களிடம் வரும்போதே வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் போயிருக்கும், மேலும் கீழுமாகப் படுக்கிற இரும்புக் கட்டிலுக்கு ஆர்டரும் போயிருக்கும். "லைசென்ஸ் மட்டும்தான் சார் பாக்கி" என்பார்கள்.

நான் முதலில் கேட்பது அந்த வீட்டின் அப்ரூவல் பிளானை. பாதிப் பேரிடம் இருக்காது. இருந்தாலும் அதில் தரைத்தளமும் முதல் தளமும்தான் இருக்கும். நேரில் போனால் இரண்டாம் தளம் நிற்கும், அதற்கு மேல் தகரக் கொட்டகையும் நிற்கும். வரைபடத்தில் இல்லாத தளத்தில் ஆளைத் தங்கவைக்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார்.

எல்லாம் வரைபடப்படியே இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் அந்த அனுமதி ஒரு குடும்பம் குடியிருப்பதற்குக் கொடுத்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு தனி வீட்டை ஒரு பிரிவிலும், பலர் சேர்ந்து படுக்கும் விடுதியை வேறு பிரிவிலும் வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையை, அதாவது விதிப்படி கட்டுவதாக நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்குகிற முறையை, பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டினால் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கும், உண்மைதான். ஆனால் அது வீட்டுக்கு. அந்த அனுமதியில் கட்டிவிட்டு முப்பது கட்டில் போட்டால், ஏதாவது ஆகிறபோது அந்தக் காகிதம் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும்.

ஆகவே மாநகராட்சியிலோ, நகர ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யிலோ, சென்னை என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விலோ போய், மனை எந்த நிலப் பயன்பாட்டு மண்டலத்தில் வருகிறது, அங்கே விடுதிக்கு இடம் உண்டா, எதிரே உள்ள ரோட்டின் அகலம் போதுமா, வண்டி நிறுத்த இடம் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அளவுகோல் எல்லாம் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. ரோட்டை யாராலும் அகலப்படுத்த முடியாது. அங்கே இடறினால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டியதுதான்.

அதற்குப் பிறகுதான் விடுதி உரிமம். 2014-இல் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, அதே ஆண்டு மகளிர், குழந்தைகள் விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. உரிமம் தருபவர் மாவட்ட கலெக்டர். மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாகப் போக வேண்டும். கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, பொதுக் கட்டடம் என்ற முறையில் தாசில்தார் தரும் 'டி' படிவ உரிமம், மெஸ் வைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, இத்தனையும் கேட்பார்கள். ஆண்கள் விடுதிக்கு இந்தச் சட்டம் இல்லை. அதை வைத்து, பையன்கள் ஹாஸ்டலுக்கு ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லித் திரிகிறார்கள். கட்டட விதிக்கு ஆண் பெண் என்று ஏது?

இந்தச் சான்றுகளில் தீயணைப்புச் சான்று பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இருக்கிறது. 2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். இடிக்கச் சொல்லி மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்த பழைய கட்டடம் அது என்று அப்புறம் செய்தி வந்தது.

நம் ஊர் விடுதிகளில் மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஃபிரிட்ஜ் இருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும், பக்கத்திலேயே மெயின் போர்டு, அதை ஒட்டிச் செருப்பு ஸ்டாண்டு, மேலே காயப்போட்ட துணி. படியோ மூன்றடி அகலம். அங்கே தீப்பிடித்தால் படிக்கட்டு முழுக்க புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். புகை நேராக மேல் மாடிக்கு ஏறும். மாடியில் இருக்கிற பிள்ளைகளுக்கு இறங்க வேறு வழி கிடையாது. ஜன்னலுக்கெல்லாம் கனமான கிரில். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. ராத்திரி பத்து மணிக்குக் கீழே கொலாப்சிபிள் கேட்டைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வார்டன் தூங்கிவிடுவார்.

பெற்றோர் இந்தப் பூட்டைப் பார்த்துத்தான் 'சேஃப்டியான ஹாஸ்டல்' என்று பிள்ளையைச் சேர்க்கிறார்கள். கேமரா இருக்கிறதா என்று கேட்கிற அப்பாக்கள், இன்னொரு படிக்கட்டு இருக்கிறதா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வெளியிலிருந்து ஆள் வராமல் இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கு உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கதவு கடையில் கிடைக்கிறது. ஒரு ஜன்னல் கிரில்லைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்துவிடலாம். பின்பக்கம் இரண்டாவது படி வைப்பதுதான் செலவு. சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே பக்கவெளி விடாத மனையில் அதற்கு இடமும் இருக்காது. அந்த மாதிரி வீட்டில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்று நீங்களே பார்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். கட்டிலைக் குறைத்தால் கணக்கு கட்டுப்படியாகாது என்பார்கள். கட்டுப்படியாகாவிட்டால் அது விடுதிக்கு ஏற்ற வீடு அல்ல என்றுதான் நான் சொல்வேன்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரி. 2024 ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை வாங்கி, தொடர்ந்து 90 நாளாவது தங்கவைக்கிற இடத்துக்கு விலக்குக் கொடுத்தது. சாதாரண ஹாஸ்டல்காரர்களுக்கு அதுவே போதும்.

கடைசியாக வாடகை ஒப்பந்தம். வீட்டை விடுதியாக மாற்றும் விண்ணப்பத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்தும் அவர் பெயரிலுள்ள பத்திர நகலும் வேண்டும். வாடகை வாங்கும்போது சிரிக்கிறவர்கள், இதைக் கேட்டதும் "வரி ஏறிடும்", "அந்த இரண்டாம் மாடி சமாச்சாரம் வெளியே வந்துடும்" என்று பின்வாங்குவார்கள். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, அனுமதிக்கு வேண்டிய கையெழுத்துகளைப் போட்டுத் தருவேன், அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தருவேன் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறாரா, அடுத்த தெருவில் வேறு வீடு பாருங்கள். வணக்கம்.