ஐரிஷ்காரர்கள் ஏன் "நாங்கள் ஆங்கிலேயர் இல்லை" என்கிறார்கள்?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அயர்லாந்துக்காரர்கள் பேசுவது ஆங்கிலம், பார்க்கவும் ஆங்கிலேயர் மாதிரிதான் இருக்கிறார்கள். அப்புறம் எதற்கு நாங்கள் வேறு என்று அவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்? குடிகாரர்கள், சண்டைக்காரர்கள் என்கிறார்களே, அது உண்மையா?"

முதலில் இரண்டாவதை முடித்துவிடுகிறேன். அந்த முரட்டுக் குடிகாரன் படம் பெரும்பாலும் அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேயர்கள் வரைந்த படம். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் வந்த பஞ்ச் பத்திரிகையின் கேலிச்சித்திரங்களைத் தேடிப் பாருங்கள், ஐரிஷ்காரனுக்குக் குரங்கு முகம் போட்டிருப்பார்கள். தன்னைத்தானே ஆளத் தெரியாதவன் என்று ஊரை நம்பவைக்க வேண்டும், அதற்குத்தான் இதெல்லாம். ஆனால் அதே நூற்றாண்டில், 1838 முதல், கார்க் நகரத்துப் பாதிரியார் தியோபால்ட் மாத்யூ கேட்டுக்கொண்டதற்காக லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் குடிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை.

சரி, முதல் கேள்வி. இதற்கு ரத்தத்தில் பதில் தேடாதீர்கள். ஐரிஷ்காரர்களில் பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர்கள், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட். ஆனால் ஆங்கில ஆட்சியை எதிர்த்த 1798 கிளர்ச்சியின் தலைவர் உல்ஃப் டோன் புராட்டஸ்டண்ட், அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடும் புராட்டஸ்டண்ட்தான். என்னைக் கேட்டால், அவர்களைச் சேர்த்துக் கட்டுவது பஞ்சத்தின் நினைவு. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது, ஏழைகளுக்கு அதை விட்டால் வேறு சாப்பாடு இல்லை. ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள், அதே வருடங்களில் ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1841இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த அந்தத் தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்த அளவை எட்டவில்லை. அதிகம் அடிபட்டது அவர்களுடைய சொந்த மொழியான ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி, அதனால் "ஆங்கிலம்தானே பேசுகிறீர்கள்" என்று அவர்களிடம் கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரி.

அந்த நினைவு வெறும் கோபமாக மட்டும் நிற்கவில்லை, எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது இதுதான். 1847இல், சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டுப் பதினைந்து இருபது வருடம்கூட ஆகாத அமெரிக்காவின் சோக்டா பழங்குடி மக்கள், தங்களுக்கே இல்லாத நிலையில் காசு சேர்த்து அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். கார்க் பக்கம் மிடில்டன் ஊரில் ஒரு பூங்காவில் அதற்கு ஒரு நினைவுச் சிற்பம் இருக்கிறது, ஒன்பது பெரிய எஃகு இறகுகள் வட்டமாக நின்று ஒரு கிண்ணம் போலக் குவிந்திருக்கும். 2020இல் கொரோனா நவாஹோ, ஹோப்பி என்ற வேறு இரண்டு அமெரிக்கப் பழங்குடி மக்களை வாட்டியபோது அயர்லாந்திலிருந்து நன்கொடை குவிந்தது, சோக்டாக்களின் உதவிக்குக் கைம்மாறு என்று பலர் எழுதியே அனுப்பினார்கள்.

குறையும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு ஐரிஷ் என்றாலே கத்தோலிக்கர் என்று ஆக்கிவிட்டார்கள். 2012இல் கால்வேயில், கரு கலைந்துகொண்டிருந்த சவிதா ஹலப்பனவருக்குக் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு அவர் இறந்தார், நம் கர்நாடகத்துப் பெண். "இது கத்தோலிக்க நாடு" என்று ஒரு செவிலியர் சொன்னது விசாரணையில் பதிவானது. மக்கள் கொதித்தார்கள், 2018 வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் வாக்களித்து, கருக்கலைப்புக்கு இருந்த தடையை நீக்கினார்கள். தங்கள் அடையாளம் என்ன என்பதை அவர்களே திருத்தி எழுதினார்கள் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அப்புறம் வடக்கு அயர்லாந்து வேறு கதை, அது இன்னும் பிரிட்டனோடு சேர்ந்த பகுதி. அங்கே பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், 1998இல் கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் அமைதி ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது. அதனால் அந்தப் பக்கத்துக்காரர் யாரையாவது சந்தித்தால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள், அவரையே கேளுங்கள்.