விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்

நண்பர்களே, திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டு வரையும் சிமுலேஷன் படங்கள் அழகானவை. சிவப்பும் நீலமுமாகச் சுழல்கள் திரையில் ஓடினால், எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று தோன்றும். தப்பான நிரலும் அதே அழகோடுதான் படம் போடும். அதனால்தான் விடை தெரிந்த ஓட்டத்தை முதலில் கொடுத்துப் பார்க்கிறோம்.

திரவங்கள் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்குக் காகிதத்திலேயே முழுத் தீர்வு கிடைக்கும் ஓட்டங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் முதலில் எடுப்பது புவாசேய் ஓட்டம். இணையான இரண்டு தகடுகளுக்கு நடுவே, அழுத்த வேறுபாட்டால் ஓடும் திரவம். வேகம் சுவரில் பூஜ்யம், நடுவில், சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு, வரைந்தால் பரவளையம். நிரலை ஓட்டினால் கோட்டின் மேல் புள்ளிகள் கச்சிதமாக உட்காரும். உடனே கைதட்டல்!

எனக்குச் சந்தேகமே அந்தக் கைதட்டலில்தான். நிரல் வேகத்தைக் கணக்கிடும் வலைப்புள்ளிகள் சுவரிலேயே தொடங்கினால், இருபக்கப் புள்ளிகளின் மதிப்பை வைத்துக் கணிக்கும் மைய வேறுபாட்டு முறைக்கு, அதாவது வலை இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை நான்கில் ஒரு பங்காகும் இரண்டாம் படித் துல்லியமுள்ள முறைக்கு, பரவளையத்தில் பிழையே வராது. வலையை நெருக்கும்போது இல்லாத பிழை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று எப்படிப் பார்ப்பது? இன்னொன்றும் உண்டு. முழுதாக வளர்ந்த அந்த ஓட்டத்தில், திரவம் தன் வேகத்தைத் தானே சுமந்து செல்வதைச் சொல்லும் நேரிலா உறுப்பு சுத்தமாகப் பூஜ்யம். நிரலில் அந்த வரியில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருந்தாலும் விடை மாறாது.

சரி, அந்த உறுப்பை எப்படி வேலை வாங்குவது? இரு பரிமாண டெய்லர்-கிரீன் சுழலைக் கொடுக்கலாம். அதில் நேரிலா உறுப்பும் அழுத்தச் சரிவும் ஒன்றையொன்று அப்படியே ஈடுகட்டிக்கொள்ளும். சுழல்கள் வடிவம் மாறாமல், திரவத்தின் உள் உராய்வான பாகுநிலையால் மட்டும் தேயும். வேகம் தேயும் வீதத்தைப் போல் இரண்டு மடங்கில் ஆற்றல் தேயும். அழுத்தக் கணக்கில் கோளாறு இருந்தால் வடிவம் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இங்கே சுவரே கிடையாது. சுவரை அரைக் கட்டம் தள்ளி வைத்துவிட்ட தப்பைப் புவாசேய் ஓட்டம் பிடிக்கும், இது பிடிக்காது.

எல்லா உறுப்புகளும் ஒரேயடியாக விழித்திருக்க வேண்டுமானால், தீர்வை நாமே தயாரித்துக்கொள்ளலாம். வினாத்தாள் எழுதுபவர் விடையை முதலில் எழுதிக்கொள்வதைப் போலத்தான். சைன், கொசைன் கலந்த ஏதோ ஒரு வேகப் புலத்தை எடுங்கள். இயற்கையில் அப்படி ஓர் ஓட்டம் இருக்க வேண்டியதில்லை. அதைச் சமன்பாட்டில் போட்டால் ஒரு மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை வெளிவிசையாக நிரலுக்குக் கொடுத்தால், நீங்கள் எடுத்த புலம்தான் விடையாகத் திரும்பி வரவேண்டும்.

அப்புறம் வலையை ஒரு பக்கத்துக்கு 32, 64, 128 கட்டங்கள் என்று நெருக்கிக்கொண்டே போங்கள். இரண்டாம் படி முறை என்றால் ஒவ்வொரு தடவையும் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். பிழை சின்னதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நான் நம்பமாட்டேன். சுருங்கும் விகிதத்தைக் காட்டுங்கள் என்பேன். நான்குக்குப் பதில் இரண்டு வந்தால் எங்கோ ஓரிடத்தில் முதற்படித் துல்லியம் ஒளிந்திருக்கிறது. பிழையைப் படமாக வரைந்து, அது சுவரோரம் குவிகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உறுப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, மிச்சத்தையும் அதற்கேற்ப மாற்றி, மறுபடி ஓட்டுங்கள். எதை நிறுத்தியதும் விகிதம் நான்குக்குத் திரும்புகிறதோ, கோளாறு அந்த உறுப்பின் வரிகளில்தான்.