சிவிடி கியர்பாக்ஸ் எவ்வளவு தூரம் தாங்கும்? 1,38,000 கிலோமீட்டர் ஓடிய என் வண்டி

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கும் இந்த போல்ட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். என் வண்டியின் கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்கிற போல்ட் இது. நுனியில் காந்தம் இருக்கிறது. அதில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒட்டியிருப்பது எஃகுத் தூள். விரலில் தேய்த்தால் மை மாதிரி வழவழவென்று இருக்கிறது, நெருநெருப்பு இல்லை. சிவிடி என்றால் படிப்படியான கியர்கள் இல்லாமல் கியர் விகிதம் தொடர்ந்து மாறுகிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1,38,000 கிலோமீட்டர் ஓடிய சிவிடிக்கு இது நல்ல அறிகுறி. செதில் செதிலாக ஒட்டியிருந்தால் நான் பயந்திருப்பேன்.

"சிவிடி வண்டி எடுக்கலாமா, கியர்பாக்ஸ் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறீர்கள். என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

சிவிடி நமக்குப் புதிதில்லை. வீட்டு வாசலில் நிற்கிற ஸ்கூட்டரில் இருப்பதும் அதுதான். இரண்டு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். புல்லி விரிந்து நெருங்கும்போது பெல்ட் ஏறி இறங்கும், கியர் விகிதம் தானாக மாறும். 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் காரில் கொண்டுவந்தபோதும் ரப்பர் பெல்ட்தான். இன்றைய கார்களில் பெரும்பாலும் எஃகு பெல்ட். மெல்லிய எஃகு வளையங்களில் ஏறக்குறைய 400 சின்னத் துண்டுகளை நெருக்கமாகக் கோத்திருப்பார்கள். ஸ்கூட்டர் பெல்ட் இழுக்கும், இது தள்ளும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்கூட்டரில் பெல்ட் உலர்ந்து ஓடுகிறது. காரில் எஃகு மேல் எஃகு, அதுவும் ஆயிலில் நனைந்தபடி. வழுக்கிவிடக்கூடிய இடத்தில் வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கு இரண்டு காரணம்: புல்லியை அழுத்துகிற ஆயில் பிரஷர், அப்புறம் அந்த ஆயிலின் தன்மை. ஆயில் சூட்டில் வெந்து கெட்டுப்போனால் பெல்ட் ஒரு நொடி வழுக்கும். அந்த ஒரு நொடியில் புல்லியில் கீறல் விழும். கீறலில் இருந்து வருகிற தூள் வால்வுகளில் சிக்கும், பிரஷர் குறையும், மறுபடி வழுக்கும். ஆரம்பித்துவிட்டால் ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

என் வண்டிக்கு நடந்தது இதுதான். 62,000 ஓடியிருந்தபோது செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். 71,000 வந்தபோது, 30, 40 வேகத்தில் ஒரு நடுக்கம். ரோடு மோசமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் முந்தைய உரிமையாளர் கொடுத்த பில்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு பில்லில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாக இருந்தது. ஊற்றியது சிவிடி ஆயில் இல்லை, சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு ஊற்றுகிற ஏடிஎஃப்.

எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் சொன்னார், "தம்பி, முதலில் ஆயிலைச் சரி பண்ணு, அப்புறம் பேசு." ஒருமுறை வடித்தால் பாதி ஆயில்தான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) கூலரிலும் நின்றுவிடும். அதனால் வடித்து, சரியான ஆயில் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடித்தோம். மொத்தம் மூன்று முறை. நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் 60 வேகத்தில் மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று இன்றும் இருக்கிறது. விழுந்த கீறல் ஆறாது.

அதற்குப் பிறகு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று சொல்லப்படும் ஆயிலையும் நான் நம்ப மாட்டேன். யாருடைய ஆயுள்? மே மாத வெயிலில், ஏசி போட்டு, சிக்னலுக்கு சிக்னல் நின்று நகர்கிற வண்டியின் கியர்பாக்ஸ் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் நிசான் 2003 முதல் 2010 வரையிலான சிவிடி மாடல்களுக்கு வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் வரை நீட்டிக்க வேண்டி வந்தது. முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு அது. அப்புறம் வடிவமைப்பும் மாறியிருக்கிறது. நின்ற வண்டி கிளம்பும்போதுதான் பெல்ட்டுக்குச் சுமை அதிகம் என்பதால், டொயோட்டா 2018இல் கிளம்புவதற்கு மட்டும் தனியாக ஒரு கியர் வைத்த சிவிடியைக் கொண்டுவந்தது.

இலங்கையில் இருந்து பார்க்கிறவர்கள் வாகனம் வாங்கும் முன் இதைக் கவனியுங்கள். டொயோட்டாவின் விட்ஸும் அக்வாவும் ஒன்று இல்லை. ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் விட்ஸின் சிவிடியில் பெல்ட் இருக்கிறது. அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டில் பெயர்தான் சிவிடி. உள்ளே பெல்ட்டே கிடையாது, பல்சக்கரமும் மின் மோட்டார்களும்தான். நான் இவ்வளவு நேரம் சொன்ன பெல்ட் வழுக்குகிற பிரச்சினை அதற்கு வராது.

செகண்ட் ஹேண்டில் சிவிடி பார்க்கப் போகிறீர்களா? சரி, காலையில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது. கியர் லீவரை டி (டிரைவ்) போட்டதும் தாமதமில்லாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி, சூடேறியதும் 20 முதல் 40 வேகம் வரை மெதுவாக ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். நடுங்கினால் விட்டுவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள், எந்த ஆயில் என்று படியுங்கள். 80,000 ஓடிய வண்டிக்கு அந்த பில் இல்லை என்றால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.