வாராவாரம் மாறும் ஷிப்ட்டும் வராத மாதவிலக்கும்

தலைமையேற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்துதவிய அரிசி ஆலை ஐயா அவர்களே, கிராம சுகாதாரச் செவிலியர் சகோதரி அவர்களே, ஷிப்ட் முடிந்த அலுப்போடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கண்ணுகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச்சு. சாப்பாடு, தூக்கம், மாதவிலக்கு என்று மூன்று சேதி வைத்திருக்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் பத்தொன்பது வயதுப் பெண். ஒரு வாரம் பகல், மறுவாரம் பாதி ராத்திரி வரை அரை நைட், அடுத்தது விடிய விடிய முழு நைட். முழு நைட் முடிந்து காலையில் வந்தால் டீயும் வர்க்கியும்தான் ஆகாரம். அப்படியே படுக்கை. மேலே தகரச் சூடு, பக்கத்துக் கட்டிலில் போன் சத்தம், நாலு மணி நேரத் தூக்கம். ஆறு மாதத்தில் 51 கிலோ 44 ஆனது. மாதவிலக்கு நின்றே நான்கு மாதம். ஆத்தா முதலில் பப்பாளியும் எள்ளுருண்டையும் கொடுத்தார். அப்புறம் சோசியர். அப்புறம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. தின்றதும் ஒரு தடவை வந்தது, அடுத்த மாதம் மறுபடி இல்லை. அக்கம்பக்கத்து வாய் வேறு கணக்குப் போட்டது. அரசு மருத்துவமனையில் சிறுநீர், தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள், குறையில்லை. கடைசியில் டாக்டரம்மா கேட்டார்: "ராத்திரி முழுக்கத் தூங்கி எத்தனை நாளாச்சு, அம்மணி?" பொண்ணு அழுதுவிட்டது.

மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி விட்டுவிட்டு ஹார்மோன் அனுப்பி, அதன் கீழிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பும். பிட்யூட்டரி, முட்டை உருவாகும் சூலகத்தை எழுப்பும். வயிறு காய்ந்து, தூக்கம் கெட்டு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறினால் அந்தத் துடிப்பு மந்தமாகும், முட்டை வெளிவராது, மாதவிலக்கும் நின்றுவிடும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று உடம்பே சொல்கிறது! எடை கூடி, பருவும் முகத்தில் ரோமமும் வந்து முறை தவறுவது வேறு வழி. பெரும்பாலும் சூலக நீர்க்கட்டி, அதற்குத் தனி வைத்தியம்.

ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 21 முதல் 35 நாள் சரியான கணக்கு. வயசுக்கு வந்த முதல் சில வருடம் 45 வரை போகலாம். முதல் நாளைக் காலண்டரில் சுழியுங்கள். மூன்று மாதம் வராவிட்டாலோ, ரத்தப்போக்கு ஏழு நாள் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள். டீ ஒரு மணி நேரம் தள்ளியே.

மனசைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். ஆலை முதலாளிமார்களே, இருபது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு முழு நைட் வேண்டாம். ஷிப்ட்டை வாராவாரம் மாற்றாதீர்கள். முழு நைட் முடித்து வருகிறவளுக்குச் சூடான கொள்ளுப் பருப்பும் சோறும், சன்னலுக்குத் திரை போட்ட அறையும் கொடுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். உங்கள் நூலும் அந்தச் சுவரில் எழுதிய சித்திரம்தான். இதையெல்லாம் கேட்கும் மனு செவிலியர் சகோதரியிடம் இருக்கிறது. ஆத்தாமார்களும் அப்பாமார்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பந்தலை விட்டுப் போகவேணுமுங்க.