ஆனிங்: வெயிலைவிட ஈரம் பொல்லாதது

வணக்கம் நேயர்களே. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான டிராவல் டிரெய்லரின் பக்கவாட்டில் விரிகிற துணிக்கூரை, அதாவது ஆனிங், வெயிலுக்காகப் போடுவதுதான். ஆனால் அதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்.

துணியில் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 10 கிலோ எடை. துணி தொய்யும், தொய்ந்த இடத்துக்கே மேலும் தண்ணீர் ஓடிவரும், கடைசியில் துணியைச் சுருட்டும் உருளைக் குழாய் வளையும், இல்லையென்றால் அதை இரு பக்கமும் தாங்கும் உலோகக் கை மடங்கும். அதனால் தூறல் விழும்போதே ஒரு பக்கக் கையை மற்றதைவிட ஒரு சாணாவது தாழ்த்திவிடுங்கள். மோட்டார் ஆனிங் சிலவற்றில் இப்படிச் சாய்க்க முடியாது. அவற்றை மழைக்கு விரிக்காமல் இருப்பதே மேல். காற்றுக்கும் கணக்கு உண்டு: மரத்தில் சின்னக் கிளைகள் ஆடத் தொடங்கினால் சுருட்டிவிடுங்கள்.

மழையில் சுருட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தால், அன்றைக்கோ மறுநாளோ விரித்துக் காயவிட வேண்டும். விட்டால் பூஞ்சணம். வினைல் என்ற பிளாஸ்டிக் துணியைப் பூஞ்சணம் தின்பதில்லை, அதன்மேல் படிந்த அழுக்கைத்தான் தின்கிறது. உருளையை ஒட்டிய மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள்; மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் தெரிந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது.

5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். மேல்பக்கத்தில் தாராளமாக ஊற்றி, துணியைச் சுருட்டி, 10 நிமிடம் விடுங்கள். சுருளுக்குள் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நனைத்து ஊறிவிடும். பிறகு விரித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நுரை போக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். பிரஷர் வாஷர் தையலைப் பிரிக்கும். பிளீச்சிங் வேண்டாம். கொசு மருந்தையும் ஆனிங்குக்கு அடியில் நின்று அடிக்காதீர்கள், கறை விழும். அக்ரிலிக் துணி வேறு ஜாதி: நெய்த துணி, காற்று புகும், சீக்கிரம் காயும். கழுவக் கழுவ நீர் ஒட்டாத பூச்சு தேயும். தெளித்த தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் துணிக்குள் இறங்கினால், அக்ரிலிக்குக்கு உரிய நீர்விலக்கி ஸ்ப்ரேயை மறுபடி அடிக்க வேண்டும்.

கைகளின் மூட்டுகளுக்கு எண்ணெயும் கிரீஸும் கூடாது. மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். துணி நுழைந்திருக்கும் அலுமினியத் தண்டவாளத்துக்கும் அதுவே.

வினைலில் சின்னக் கிழிசல் என்றால் அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும் ஆனிங் டேப்பை இரு பக்கமும் ஒட்டலாம். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொண்டால் சுருட்டும்போது உரியாது.

ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். கையால் இழுக்கும் ஆனிங்கின் உருளை முனையில் முறுக்கேறிய ஸ்பிரிங் இருக்கிறது. பூட்டாமல் முனை மூடியைக் கழற்றினால் அது சுழன்று விரலை முறித்துவிடும். துணி மாற்றுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள். உங்கள் வேலை, வண்டி கிளம்பும் முன் உருளைப் பூட்டு விழுந்திருக்கிறதா, கைகள் இரண்டும் கொக்கியில் மாட்டியிருக்கின்றனவா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது.