பாம்பெய்க்கு முன்னாடியே இறங்கிடுங்க

வணக்கம்ங்க. இத்தாலியில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன பழைய ரோமானிய ஊர்தான் பாம்பெய். அங்க போயிட்டு வந்தேன்னு சொன்னாலே "அந்த பிளாஸ்டர் மனுஷங்களைப் பாத்தீங்களா"ன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, செத்தவங்க உடம்பு மக்கிப்போன குழியில பிளாஸ்டர் ஊத்தி எடுத்த உருவங்க அது. பாத்தேன், எக்கி எக்கித்தான் பாத்தேன். ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல விடுறதில்லைன்னு 2024 நவம்பர்லயே கட்டுப்பாடு போட்டாச்சு, ஆனா அந்த 20,000 பேரும் நான் நிக்கிற ரூம்லதான் இருந்த மாதிரி ஒரு ஃபீல்.

இன்னைக்கு நான் பேச வந்தது பாம்பெய் பத்தி இல்ல, அதைச் சுத்தி இருக்கிற இடங்களைப் பத்தி. நேப்பிள்ஸ்ல இருந்து சொரெண்டோ போற லோக்கல் ட்ரெயின்ல பாம்பெய் வர்றதுக்கு முன்னாடியே டோர்ரே அனுன்சியாட்டான்னு ஒரு ஊர் வரும், அங்க இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா அபார்ட்மென்ட்டுங்களுக்கு நடுவுல பெரிய பள்ளம், பள்ளத்துக்குள்ள ஒரு மாளிகை. ஒப்லோன்டிஸ் வில்லா. ரோமானியப் பேரரசன் நீரோவோட ரெண்டாவது மனைவி பொப்பேயாவோடதா இருக்கலாம்னு சொல்றாங்க, அதுக்கு ஆதாரம்னு காட்டுறது ஒரு ஜாடி மேல எழுதியிருந்த பேரு, அவ்ளோதான். கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப வீட்டுல ரிப்பேர் வேலை நடந்துட்டு இருந்திருக்கு, ஆள் யாரும் குடியில்ல போல, மாளிகைக்குள்ள ஒரு எலும்புக்கூடு கூட கிடைக்கல. 60 மீட்டர் நீளத்துக்கு நீச்சல் குளம் வேற!

ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது ஒரு சுவத்துக்கு முன்னாடி. பழக்கூடை ஒண்ணு வரைஞ்சிருக்காங்க, அது மேல மெல்லிசா ஒரு துணி மூடியிருக்கு, துணி வழியா உள்ள இருக்கிற பழம் தெரியுது. ஈ மொய்க்காம இருக்க நம்ம வீட்டுல மூடி வைப்போமே, அதே மாதிரி. பக்கத்துல யாருமே இல்ல, எக்கிப் பாக்க வேண்டிய வேலையும் இல்ல.

அடுத்து போஸ்கோரியாலே. அங்க வில்லா ரெஜினான்னு ஒரு சின்ன பண்ணை வீடு. மாளிகையை எதிர்பாத்துப் போனா ஏமாந்துருவீங்க, இது ஒயின் தயாரிச்ச இடம். முற்றத்துல 18 பெரிய மண் தாழி, கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு வச்சிருக்காங்க. சுத்தி திராட்சைத் தோட்டம் இருக்கே, அது சும்மா அழகுக்கு வச்சதில்ல, பழைய கொடியோட வேர் மக்கிப்போன ஓட்டையைக் கண்டுபிடிச்சு அந்த இடத்துலயே திரும்ப நட்டிருக்காங்க. பக்கத்து மியூசியத்துல அந்த வீட்டுப் பன்னியோட பிளாஸ்டர் வார்ப்பு கிடக்கு, பாவம். மனுஷ வார்ப்பை விட அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மூணாவது ஸ்தாபியே. எரிமலையைப் பாக்க கப்பல்ல போன மூத்த பிளினிங்கிற ரோமானிய எழுத்தாளர் செத்துப்போனது இந்தக் கரையிலதான். இங்க மேட்டு மேல ரெண்டு வில்லா, சான் மார்க்கோ, அரியான்னா. 1700கள்ல நேப்பிள்ஸ் அரசர் ஆளுங்க தோண்டி, நல்ல ஓவியத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டு மறுபடி மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் 1950ல லிபெரோ தோர்சின்னு ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் திரும்பத் தோண்ட ஆரம்பிச்சார்! இப்ப குயிசிசானா அரண்மனையில இருக்கிற மியூசியத்துக்கு அவர் பேருதான், 2020ல திறந்தாங்க.

அரியான்னா வில்லாவுல இருந்து வெட்டிட்டுப் போன ஒரு ஓவியம்தான் ஃப்ளோரா. பச்சைப் பின்னணியில ஒரு பொண்ணு நமக்கு முதுகைக் காட்டிட்டு பூ பறிச்சுக்கிட்டே நடந்து போறா. நேப்பிள்ஸ் மியூசியத்துல போய் தேடினா ரெண்டு சாண் உயரம்கூட இல்ல, நான் முதல் தடவை கவனிக்காம தாண்டியே போயிட்டேன்.